வலி நின்றதற்கு வெட்டிய கிடா

அதைத்தான் சொல்ல வந்தேன் பாவாயி, ஒறம்பரை வந்து உட்கார்ந்ததும் என் மகள் சுமதி என்ன செய்தாள் தெரியுமா? நேராகச் சமையலறைக் குழாயைத் திறந்தாள், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தாள், கொண்டுபோய் நீட்டினாள். எனக்கு மானமே போய்விட்டது. நம் புதுச்சத்திரத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்துவிட்டு மறுநாள் தெருவில் நடமாட முடியுமா? கேன் தண்ணீர் வாங்கி வைக்கக்கூட வக்கில்லையா என்று நீயே முதல் ஆளாகக் கேட்டிருப்பாய். வந்தவர்கள் வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும். முகம் சுளிப்பார்கள் என்று நான் கதவோரம் நின்று பார்க்கிறேன், மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்கிறார்கள். அதைவிடக் கேள், பல் விளக்குகிற குழாயிலும் இதே தண்ணீர்தானாம். மருமகனுக்குத் தாகம் எடுத்தால் குளியலறைக்குப் போய் அங்கேயே பிடித்துக் குடித்துவிட்டு வருகிறார்.

இது கிளாஸ்கோ என்கிற ஊர். நாட்டுக்குப் பெயர் ஸ்காட்லாந்து. இங்கே இருக்கும் நம் ஆட்கள் ஒரு சங்கம் வைத்து மலர் போடுகிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரை கொடுக்க வேண்டுமாம். எனக்கு எழுத்தே தெரியாது என்றேன். "நீ பாட்டுக்குப் பேசும்மா, நான் எழுதறேன்" என்றாள் சுமதி. நான் ஊடு என்றால் அவள் வீடு என்று எழுதுகிறாள். மலரில் அப்படித்தான் போட வேண்டுமாம், போட்டுக்கொள்ளட்டும். ஆனால் முகம் தெரியாத ஜனத்துக்கெல்லாம் என்னால் பேச முடியாது. அடுத்த வீட்டுக்காரி உன்னிடம் என்றால்தான் எனக்கு வாய் வரும். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பஸ் என்னைக் கண்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படியை இறக்கிக் கொடுக்கிறது. நம் ஊரில் டவுன் பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடிய ஓட்டம் உனக்குத் தெரியும். ரோட்டைத் தாண்டக் காலை வைத்தால் கார் நின்று, உள்ளே இருப்பவன் கையை வேறு ஆட்டுகிறான். மழையோ கேட்கவே வேண்டாம். நாம் மாரியம்மனிடம் அழுது அழுது கேட்ட மழையெல்லாம் வழி தெரியாமல் இங்கே வந்து விழுந்துகொண்டிருக்கிறது. சுமதியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தேன். குழந்தை நன்றாகக் குடிக்கிறது, நன்றாக ஈரம் பண்ணுகிறது. துணி நனைந்தால் மற்ற கிழவிகள் அலுத்துக்கொள்வார்கள். நான் தொட்டுப் பார்த்து, நிறம் பார்த்து, சந்தோஷமாக மாற்றி விடுகிறேன். ஒண்ணுக்கின் நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். என் மகன் செல்வராசிடமிருந்து வந்தது.

இங்கே தண்ணீர் காய்ச்ச கரண்டு கெட்டில் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அதன் மூடியைத் திறந்து அடியைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. புதிதாக வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று இருக்கிறது. நம் போர் தண்ணீரை மொடாவில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகச் சொரசொரவென்று படியுமே, புளி போட்டுத் தேய்த்தாலும் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாதே, அதில் ஒரு பொட்டுக்கூட இங்கே இல்லை. நம் தெருவில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கிட்னியில் கல் வந்தபோது, எல்லோரும் மொடாவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இதுதான் வயிற்றுக்குள்ளும் படிகிறது என்று முடிவு கட்டினோம். கண்ணுக்கு எதிரே வெள்ளையாகத் தெரிகிறபோது யார்தான் நம்ப மாட்டார்கள்? அதற்கப்புறம்தான் நம் தெருவுக்குக் கேன் வந்தது.

கேன் வந்த கதையை இங்கே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். கேனை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்து, அதன் தலையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்தோம். சாமி படத்துக்கு அடுத்தபடி வீட்டில் அதற்குத்தான் மரியாதை. போர் தண்ணீர் குடித்த காலத்தில் காட்டிலிருந்து வந்தால் சொம்பை அண்ணாந்து தொண்டை நனைய, மார் நனையக் குடித்தோம். கேன் வந்தபிறகு அரை டம்ளர். "ஒறம்பரை வந்தா வேணும், பாத்துக் குடிங்க" என்று என் மருமகள் ஜோதி சொல்வாள், உன் வீட்டிலும் அதே பேச்சுதான். கேன் வண்டி மனம் வைத்தால் வரும். வராத நாளில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு இருந்தோம். தொட்டி நிறையப் போர் தண்ணீர் கிடக்கும், எருமை முகத்தை முக்கிக் குடித்துவிட்டுக் குளுகுளுவென்று நிற்கும், நாம் உச்சி வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டு கேன் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்போம்.

செல்வராசு வீட்டில் இருந்தால் அரை டம்ளர் என்றால், வண்டியில் அதுவும் இல்லை. முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி அவனுடையது. முட்டை வெயிலில் நிற்கக் கூடாது. கிளீனர் வைத்துக்கொள்கிற காலமும் போய்விட்டது, ஒற்றை ஆள். ஓரமாக நிறுத்திவிட்டு ஒதுங்கப் போனால் திருடன் டீசலை உறிஞ்சுகிறான், தார்ப்பாயை அறுக்கிறான். அதனால் ஒதுங்கவே வேண்டியிராதபடி குடிக்காமல் ஓட்டுவது என்று டிரைவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இவன் மட்டுமில்லை, அந்த லைனில் பாதிப் பேர் அப்படித்தான். சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் கொதிக்கும், முன்கண்ணாடி வழியாக வெயில் கொதிக்கும். உடம்பிலிருக்கிற தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்ச் சட்டையில் உப்பாகப் பூத்து நிற்கும். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். தூக்கம் வராமலிருக்க, பாலில்லாமல் கறுகறுவென்று டீ. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஜோதி கட்டிக்கொடுத்த ஊறுகாய், கருவாடு, அப்பளம். "காரசாரமா இருந்தாத்தாம்மா கண்ணு முழிச்சிருக்கும்" என்பான்.

முதல் தடவை வலி வந்தபோது லாரியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினான். சாவி கையில் இருக்கிறது. அப்படியே சுருண்டான். இடது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்தான், சுவரில் முட்டினான், தரையில் புரண்டான். எப்படிப் படுத்தாலும் எப்படி நின்றாலும் அந்த வலிக்கு ஒத்துவரவில்லை. ஒண்ணுக்கு ரத்தமாகப் போயிற்று. பிரசவ வலியில்கூட நடுவில் மூச்சு வாங்க இடம் உண்டு பாவாயி, இதில் அதுகூட இல்லை. நாமக்கல்லில் ஊசி போட்டு, கல் ஒண்ணுக்கு வழியில் இருக்கிறது, போனதா இல்லையா என்று கட்டாயம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஸ்கேன் என்கிற வார்த்தை வீட்டுக்கு வருவதற்குள் தொலைந்துவிட்டது. ஏனென்றால் வீட்டில் வைத்தியர்கள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். நீ வாழைத்தண்டுச் சாறு கொண்டு வந்தாய். அவனுடைய டிரைவர் சிநேகிதன், "பீரு குடிச்சா அடிச்சுக்கிட்டு வந்துரும் மாப்ள" என்றான். இன்னொருவர் தக்காளி விதை ஆகாது என்றார். கல் என்பது சுண்ணாம்பு, பாலும் தயிரும் சுண்ணாம்பு, அதனால் அதை நிறுத்து என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஜோதி நிறுத்தினாள். வீட்டில் எருமை கறக்கிறது, அவன் தயிர் இல்லாமல் ஊறுகாயை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். உப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அது குற்றவாளி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வலி விட்டு விட்டு வந்தது. பிறகு ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் விசில் அடித்துக்கொண்டு வண்டியைக் கழுவினான். முனியப்பனுக்கு ஜோதி கிடா நேர்ந்திருந்தாள். "வலி நின்னா உனக்கு வெட்டறேன் சாமி" என்பதுதான் நேர்ச்சை. வலி நின்றது, வெட்டினோம். உனக்கே தெரியும், நீதான் மசாலா அரைத்தாய். ரோட்டோரக் கோயிலில் பந்தல் போட்டு, சொந்தபந்தம் மொத்தமும் வந்து, அத்தனை பேருக்கும் கறிச்சோறு. தண்ணீர் மட்டும் கேனில் வந்தது, பார்த்துப் பார்த்து ஊற்றினார்கள். செல்வராசு புது வேட்டி கட்டிக்கொண்டு இலை இலையாகப் போய், "மாமா, இன்னும் ரெண்டு துண்டு வெச்சுக்குங்க" என்று உபசரித்தான். அவன் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. நாங்கள் அப்படி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த நேரத்தில் அவன் இடது விலாவுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

பிறகு காய்ச்சல் வந்தது. நடுக்கம், வாந்தி. மலேரியா என்று நினைத்தோம், டைபாய்டு என்று நினைத்தோம், கல் என்று மட்டும் நினைக்கவில்லை. அதற்குத்தான் கிடா வெட்டியாயிற்றே. கடைசியில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார் டாக்டர்.

"வலி எப்பம்மா நின்னுச்சு?" என்று கேட்டார்.

"கெடா வெட்டறதுக்கு முந்தியே நின்னுருச்சுங்க சார்" என்றாள் ஜோதி. அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வலி நின்னா கல்லு போயிருச்சுன்னு அர்த்தமில்லம்மா. கல்லு அடைச்சுக்கிட்டு அங்கயேதான் இருந்துருக்கு. அடைச்ச கிட்னி வீங்கி வீங்கி, வேலை செய்யறதையே விட்டுருச்சு. அதான் வலியும் விட்டுருச்சு. இப்ப உள்ள சீழ் பிடிச்சிருக்கு."

ஜோதிக்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப நாங்க வெட்டுன கெடா…" என்று ஆரம்பித்தாள்.

இடது கிட்னியை எடுத்துவிட்டார்கள். அது வெறும் சீழ்ப் பையாக இருந்ததாம். சேலத்திலேயே சூரமங்கலத்தில் சொந்தக்காரர் ஒருவரின் ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு, காலையும் மாலையும் டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அவன் கட்டிலோரம் ஒரு பை தொங்கியது, அதில் சொட்டுச் சொட்டாக ஒண்ணுக்கு இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மிச்சமிருக்கிற வலது கிட்னியில் உளுந்து அளவில் ஒரு கல் இப்போதே இருக்கிறது. அது வளர்ந்து அடைத்தால் மாற்று வழி கிடையாது, வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீரும் குறைக்கிற உப்பும்தான் காவல். நாங்கள் வெளியே வந்ததும் செல்வராசு முதலில் கேட்டது, "மறுபடியும் வண்டி எடுக்க எத்தன நாளாகும்?"

சுமதிக்குப் பிரசவ தேதி நெருங்கியிருந்தது. நான் கிளம்பி வந்தேன். ஒரு பிள்ளைக்கு நான் தேவை, இன்னொரு பிள்ளைக்கும் நான் தேவை, உடம்பு ஒன்றுதான் இருக்கிறது. கெட்டிலைத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்ததற்குக் காரணம் இதுதான். இந்த வெள்ளை படியாத தண்ணீரை நம் ஊருக்கு ஒரு லாரி நிறையக் கொண்டுபோனால் என் மகன் பிழைத்துக்கொள்வான் என்று தினமும் காலையில் நினைத்துக்கொள்வேன். இங்கே இருப்பவர்களுக்குக் கல்லே வராது என்று சத்தியம் செய்திருப்பேன். எதிர் வீட்டு டேவிக்கு வருகிற வரைக்கும்.

டேவி எங்கள் மாடிப்படியிலேயே எதிர்க் கதவில் இருக்கிற வயதான மனுஷன், பெண்டாட்டி இல்லை. இவரும் டிரைவர்தான், காலம் முழுக்க இந்த ஊர் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் பார்த்தால் மழையைக் காட்டி என்னமோ சொல்வார், நான் குழந்தையைக் காட்டி என்னமோ சொல்வேன், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போவோம். அவர் பேச்சு சுமதிக்கே பாதிதான் விளங்குகிறது. ஒரு நாள் படியில் முனகல் கேட்டுக் கதவைத் திறந்தேன். டேவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார், எழுந்திருக்கிறார், சுவரில் நெற்றியை வைத்துத் தேய்க்கிறார். கை விலாவுக்குக் கீழே. சாவியோடு சுருண்டு விழுந்த என் மகன்தான் வெள்ளைத் தோலோடு எதிரில் நிற்கிறான்.

சுமதி வீட்டில் இல்லை. எனக்கு அவர்கள் பாஷையில் "தேங்க்யூ"வும் "பை"யும்தான் தெரியும். படியோரத்தில் பூந்தொட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து அவரிடம் காட்டி, என் விலாவில் வைத்து அமுக்கி, "கல்லு, கல்லு" என்றேன். வலியோடு வலியாக அவர் என்னை முறைத்தார். கீழ்வீட்டுப் பெண் ஓடி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பச்சை உடுப்புப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். நான் விடவில்லை, அவர்களிடமும் கல்லை நீட்டினேன். அதில் ஒருத்தி என் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள், டேவியின் விலாவைப் பார்த்தாள், என்னிடம் மெதுவாக என்னமோ கேட்டாள். நான் பலமாகத் தலையை ஆட்டினேன். பிறகுதான் தெரிந்தது, "இந்தக் கல்லாலா அவரை அடித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறாள். கீழ்வீட்டுப் பெண்ணும் அப்படியே நம்பி, சுமதி வருகிற வரைக்கும் என்னை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுமதி சொன்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் கல்தான். சீமை டாக்டருக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன் என்று அன்று முழுக்க வீட்டில் துள்ளிக்கொண்டிருந்தேன்.

துள்ளல் அடங்கியபிறகுதான் நினைப்பு வந்தது. இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு எப்படிக் கல் வந்தது? டேவி வீடு திரும்பியதும் மோர்க் குழம்பை எடுத்துக்கொண்டு சுமதியோடு போனேன். அவர் சொல்ல, சுமதி தமிழில் சொன்னாள். பஸ்ஸை ஓட்டுகிற காலத்தில் அவர் தண்ணீரே குடிக்க மாட்டாராம். குடித்தால் ஒதுங்க எங்கே போவது? ஆட்களை வைத்துக்கொண்டு பஸ்ஸை நடுவில் நிறுத்த முடியாதே. கறுப்பு டீ, உப்புப் போட்ட உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், பதப்படுத்திய பன்றிக்கறி. ஓய்வு பெற்றபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. குளிர் ஊரில் தாகமும் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: ஒண்ணுக்கு வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கிற மட்டும் நாள் முழுக்கக் குடி. உப்பைக் குறை. கறியை அளவாகத் தின்னு. பசலைக்கீரை, முந்திரி பாதாம் மாதிரிக் கொட்டைகள், கடுந்தேநீர் எல்லாம் கொஞ்சமாக. எலுமிச்சம்பழத் தண்ணீர் நல்லது. பாலையும் தயிரையும் நிறுத்தாதே, சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் கல்லுக்கு வேண்டியதைக் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும்.

சுமதி சும்மா சொல்கிறாளோ என்று மறுபடி கேட்கச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். அப்போ மொடாவின் அடியில் படிகிற வெள்ளை? அதுதான் அப்படியே போய்க் கல்லாகிறது என்பதில்லை, குடிக்காததுதான் பெரிய கேடு என்று சுமதி விளக்கினாள். நான் டேவியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் பாவாயி. கல்லுக்குப் பயந்து நம் தெரு மொத்தமும் கேனுக்கு மாறியது. கேனுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தது. தொட்டியில் குடித்த எருமைக்கு ஒன்றும் வரவில்லை. போர் தண்ணீர் அமிர்தம் என்று நான் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கட்டும், வடிகட்டட்டும், கேனே வாங்கட்டும். எதுவானாலும் வயிறு நிறையக் குடிக்கட்டும். ஒறம்பரைக்கென்று மூடி வைத்த தண்ணீர் யார் கிட்னியைக் கழுவும்?

அன்றைக்கே செல்வராசுக்குப் போன் போட்டேன்.

"சாமி, தண்ணி குடிச்சயா?"

"குடிச்சம்மா."

"எவ்வளவு?"

"நீ என்ன கேன்காரனா, கணக்குக் கேக்கற?"

"ஒண்ணுக்கு என்ன நெறத்துல போச்சு?"

"அட கெரகமே! சீமைக்குப் போயும் இதத்தான் கேப்பியா? பக்கத்துல ஆளுக நிக்கறாங்கம்மா."

"நிக்கட்டும். எலுமிச்சம்பழ மஞ்சளா, கொழம்பு மஞ்சளா?"

அவன் சிரித்தான். நான் டேவி கதையைச் சொன்னேன். "வெள்ளக்காரனுக்குமா?" என்று கேட்டான். பிறகு, "அவரு பஸ்ஸா லாரியாம்மா?" என்றான்.

"பஸ்ஸு."

"பஸ்ஸுன்னா ஸ்டாப்புலயாவது நிக்கும். எனக்கு எவன் ஸ்டாப்பு வெச்சுக் குடுத்துருக்கறான்?"

போனை ஜோதியிடம் கொடுக்கச் சொன்னேன். "தயிர் போடு கண்ணு, உப்பக் கொற, கருவாடு வேண்டாம்" என்றேன். "ஏனுங்கத்தை, இத்தன நாளா எல்லாருமாச் சேந்து தயிர நிறுத்துனு சொன்னாங்களே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளை நான் என்ன சொல்வது? ஊர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டவள் அவள்.

இந்த மலரைப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேர்க்காத ஊருக்கு வந்துவிட்டோம் என்று இருக்காதீர்கள். என் மருமகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் காலையில் ஒரு காப்பி, மாலையில் ஒரு காப்பி, நடுவில் ஒன்றுமில்லை. பெட்டியைத் திறந்தால் நம் ஊர் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். ஊர் ஞாபகம் வந்தால் அதைத்தான் தின்கிறீர்கள், ஞாபகம் முழுக்க உப்பாகத்தான் இருக்கிறது. வலி வந்தால் ஸ்கேன் பாருங்கள். வலி நின்றாலும் பாருங்கள். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இதயச் சீக்கு, கிட்னிச் சீக்கு இருப்பவர்களுக்கு அளவு வேறாம்.

போன வாரம் ஜோதி கூப்பிட்டாள். செல்வராசு வண்டி எடுத்துவிட்டான். "சொல்லிச் சொல்லிப் பாத்தேனுங்கத்தை. ஊட்டுல உக்காந்து ஆட்டுக்குட்டியாட்டம் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்றயானு கேக்கறாருங்க. லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு" என்றாள். அன்று முதல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. இந்த ஊரில் எனக்குத் தாகமே எடுப்பதில்லை. ஆனாலும் குடிக்கிறேன். நம் ஊரில் இப்போது உச்சி வெயில் என்று தோன்றினால் ஒரு டம்ளர். அவன் சாப்பிடுகிற நேரம் என்று தோன்றினால் ஒரு டம்ளர். சுமதி திட்டுகிறாள். இங்கே என் தொண்டையில் இறங்குகிற தண்ணீர் அங்கே அவன் விலாவுக்குப் போய்ச் சேராது என்று எனக்கும் தெரியும். என் மகன் வெயிலிலும் நான் மழையிலும் உட்கார்ந்திருக்கிறோம், எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இப்போது போன் அடித்தது பாவாயி. அவன்தான், படம் தெரிகிற போனில். வண்டியை ஒரு டோல்கேட் பக்கம் நிறுத்தியிருக்கிறான். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, உதட்டில் தோல் உரிந்து கிடக்கிறது.

"எப்படி இருக்கற சாமி?"

"நல்லாத்தாம்மா இருக்கேன். இங்க பாரு, உனக்குக் காட்டத்தான் கூப்புட்டேன்." பெரிய பாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது.

"எப்ப நெரப்புனது?"

"இப்பத்தான்."

"காலைல எதுல குடிச்ச?"

"இதுலதான்… அட, நெரப்பிக்கிட்டே இருக்கேம்மா."

மூடியைப் பார்த்தேன். சீல்கூட உடைக்கவில்லை. "இப்பக் குடி சாமி. அம்மா பாக்கறேன், குடி" என்றேன். சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினான், அது முறிகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்தான். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, தண்ணீர் வாய்க்கு வந்திருக்கிறது, தொண்டை அசையவில்லை. "நெட்வொர்க் போயிருச்சும்மா, கட் பண்ணு" என்கிறாள் சுமதி. நான் கட் பண்ண விடவில்லை. இன்னும் அப்படியேதான் நிற்கிறான், விழுங்கினானா என்று தெரியவில்லை.

அடக் கடவுளே, தூறல் கனத்துவிட்டது, குழந்தைத் துணி அத்தனையும் பின்கட்டில் காய்கிறது. போனை இப்படியே நிமிர்த்தி வை சுமதி, அணைந்துவிடாமல் பார்த்துக்கொள். நான் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.